இயற்கை அதிர்வெண் குறைந்தால் பாலம் பழுதடைந்துவிட்டது என்று கொள்ளலாமா?

#1 | நிலையியல்_மாணவி

அனைவருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காக எங்கள் ஊர்ப் புறவழிச்சாலை மேம்பாலம் ஒன்றின் ஒரு கண்ணில் (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியில்) முடுக்கமானிகளைப் பொருத்தி, வாகனங்கள் செல்லும்போது எழும் அதிர்வுகளைப் பதிவு செய்து வருகிறேன். முன்தகைவுக் கான்கிரீட் கர்டர்களால், அதாவது உள்ளே இழுத்து இறுக்கிய எஃகுக் கம்பிகளைக் கொண்ட விட்டங்களால், ஆன பாலம் அது. ஒவ்வொரு கண்ணும் இரு முனைகளிலும் ரப்பர் பேரிங்குகளின் மீது தனித்தனியாக அமர்ந்திருக்கிறது. ஜனவரிப் பதிவுகளில் முதல் இயற்கை அதிர்வெண் (பாலம் தானாக ஆடும்போது வினாடிக்கு ஆடும் முறைகள்) 4.1 ஹெர்ட்ஸ் அளவில் இருந்தது. மே மாதப் பதிவுகளில் அது 4.0 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே வந்துவிட்டது.

அதிர்வெண் விறைப்பின் (வளைய மறுக்கும் தன்மையின்) வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், அதிர்வெண்ணில் 3 சதவீதக் குறைவு என்பது விறைப்பில் 6 சதவீதக் குறைவுக்குச் சமம் என்று கணக்கிட்டேன். கர்டர்களின் அடிப்பகுதியை ஏணி வைத்து ஏறிப் பார்த்ததில் புதிய விரிசல் எதுவும் கண்ணில் படவில்லை. பாலத்துக்குள் எங்கோ பழுது தொடங்கியிருக்கிறது என்று இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்லலாமா? சொல்லலாம் என்றால் உரிய அலுவலகத்துக்கு எழுத வேண்டிய பொறுப்பு எனக்கு உண்டு என்பதால்தான் இங்கே கேட்கிறேன்.

#2 | தூண்நிழல்

வணக்கம் அம்மா. கணக்கு சரியானதே. ஆனால் அந்தக் கணக்கு, விறைப்பைத் தவிர வேறெதுவும் மாறவில்லை என்ற அனுமானத்தின் மீது நிற்கிறது. நிறை, பேரிங்குகளின் நிலை, வெப்பநிலை, தார்ப்பரப்பின் ஈரம் ஆகிய அனைத்தும் ஜனவரியில் இருந்ததைப் போலவே மே மாதத்திலும் இருந்தன என்று உறுதி செய்யாத வரை, அந்த 6 சதவீதத்தைப் பழுதின் கணக்கில் எழுத முடியாது.

இதற்கு நல்ல சான்று அமெரிக்காவில் அல்புகர்க்கி நகரில் ரியோ கிராண்டே ஆற்றின் மீதிருந்த ஐ-40 நெடுஞ்சாலைப் பாலம். அது இடிக்கப்படவிருந்ததால், 1993-இல் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தினர் அதன் எஃகு கர்டர் ஒன்றை வேண்டுமென்றே நான்கு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் அதிர்வுகளை அளந்தார்கள். ஏறத்தாழ 3 மீட்டர் ஆழமுள்ள அந்தக் கர்டரின் நடுத்தகட்டில் (செங்குத்தாக நிற்கும் தகட்டில்) முதலில் 60 செ.மீ. நீளத்துக்கு ஒரு வெட்டு. பிறகு அந்த வெட்டு கீழ் விளிம்புத் தகடு வரை நீட்டப்பட்டது. அடுத்து அந்த விளிம்புத் தகடு, நடுத்தகட்டுக்கு இருபுறமும், ஒவ்வொரு ஓரத்திலிருந்தும் பாதித் தொலைவு வரை வெட்டப்பட்டது. கடைசியில் விளிம்புத் தகடு முழுவதும் அறுக்கப்பட்டது. பழுதற்ற நிலையில் 2.48 ஹெர்ட்ஸாக இருந்த முதல் அதிர்வெண், முதல் இரு வெட்டுகளுக்குப் பின் 2.52 ஆக உயர்ந்தது. மூன்றாம் வெட்டுக்குப் பின் 2.46, நான்காம் வெட்டுக்குப் பின்னரே 2.30 ஆகத் தெளிவாக இறங்கியது.

இரண்டு செய்திகளை இங்கே கவனிக்க வேண்டும். கர்டரின் நடுத்தகட்டில் 1.8 மீட்டர் பிளவு இருக்கும்போது அதிர்வெண் குறையாமல் கூடியிருக்கிறது. அன்றைய வெப்பநிலை மாற்றம் பழுதின் விளைவை மூடி மறைத்துவிட்டது. இரண்டாவது, கீழ் விளிம்புத் தகடு முழுவதும் அறுபட்ட, எந்தப் பொறியாளரும் போக்குவரத்தை உடனே நிறுத்தச் சொல்லும் நிலையிலும், வீழ்ச்சி 7 சதவீத அளவுதான். உங்கள் 3 சதவீதத்தைப் பழுது என்று கொண்டால் அது மிகப் பெரிய பழுதாக இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய பழுது ஏணி வைத்துப் பார்த்தவர் கண்ணுக்குத் தப்பியிருக்குமா என்பதே என் ஐயம்.

#3 | கருவியாளன்

பழுதா, வெப்பமா என்று பேசுவதற்கு முன், அளவையே சரிபார்த்துக்கொள்வது நல்லது. எந்த முடுக்கமானி, எத்தனை நிமிடப் பதிவு, வினாடிக்கு எத்தனை மாதிரிகள், எதனால் ஒட்டினீர்கள் என்ற விவரங்களைச் சொல்லுங்கள்.

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பதிவிலிருந்து அதிர்வெண்களைப் பிரித்தெடுக்கும் நேரடி ஃபூரியே உருமாற்றத்தில் அதிர்வெண் பிரிதிறன் பதிவின் கால அளவின் தலைகீழ் மதிப்பு மட்டுமே. 20 வினாடிப் பதிவில் அது 0.05 ஹெர்ட்ஸ், நீங்கள் கண்டறிந்ததாகச் சொல்லும் வேறுபாடோ 0.1 ஹெர்ட்ஸ். 10 நிமிடப் பதிவாக இருந்தால் இந்தக் கவலை இல்லை. அடுத்து, சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஏடிஎக்ஸ்எல்345 வகை முடுக்கமானிச் சில்லுகளின் உள்ளிரைச்சல், ஏடிஎக்ஸ்எல்355 வகையைக் காட்டிலும் ஏறத்தாழ பத்து மடங்கு அதிகம். லாரி கடக்கும்போது இரண்டுமே அழகான அலையைக் காட்டும். ஆனால் லாரி பாலத்தின் மீது நிற்கும் நேரத்தில் அதன் நிறையும் பாலத்தின் நிறையோடு சேர்ந்து ஆடுகிறது. அப்போது நீங்கள் அளப்பது பாலத்தின் அதிர்வெண் அன்று, லாரியோடு கூடிய பாலத்தின் அதிர்வெண். லாரி இறங்கிய பிறகு தானாக அடங்கும் அந்தச் சில வினாடிகளில்தான் உண்மையான மதிப்பு இருக்கிறது. மலிவான சில்லு சரியாக அந்த இடத்தில் இரைச்சலில் மூழ்கிவிடும்.

#4 | நிலையியல்_மாணவி

விளக்கத்துக்கு நன்றி ஐயா. பயன்படுத்துவது ஏடிஎக்ஸ்எல்355. கர்டரின் அடிப்பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்தி, சிறிய எஃகுத் தகட்டை எபாக்சியால் ஒட்டி, அதன் மீது திருகாணியால் இறுக்கியிருக்கிறேன். ஒவ்வொரு பதிவும் 15 நிமிடம்; வினாடிக்கு 125 மாதிரிகள். அதிர்வெண்களை உள்வெளி அடையாள முறையில் (பதிவிலிருந்து பாலத்தின் கணித மாதிரியை அமைத்து, அதிலிருந்து அதிர்வெண்களைக் காணும் முறை) கணிக்கிறேன். 15 நிமிடப் பதிவுகளுக்கிடையிலான சிதறல் 0.02 ஹெர்ட்ஸுக்குள் அடங்குகிறது.

தூண்நிழல் ஐயா வெப்பநிலையைக் குறிப்பிட்ட பிறகு, ஏப்ரலில் ஒரு முழு நாள் விடாமல் எடுத்த பதிவைத் தனியே பிரித்துப் பார்த்தேன். விடியற்காலை 6 மணி அளவில் அதிர்வெண் மிக உயரத்திலும், பிற்பகல் 3 மணிக்கு மேல் மிகத் தாழ்விலும் இருக்கிறது. அந்த ஒரே நாளின் ஏற்ற இறக்கமே ஏறத்தாழ 2 சதவீதம். ஜனவரிப் பதிவுகளைப் பெரும்பாலும் காலையிலும், மே மாதப் பதிவுகளைப் பிற்பகலிலும் எடுத்திருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வெப்பமானி எதுவும் பொருத்தவில்லை.

#5 | அலைவரிசை

விடை பெரும்பாலும் அந்த ஒரு நாள் பதிவிலேயே கிடைத்துவிட்டது. நியூ மெக்சிகோவின் அலமோசா கேன்யன் பாலத்தில் 24 மணி நேரத்துக்குள் முதல் அதிர்வெண் ஏறத்தாழ 5 சதவீதம் மாறியது பதிவாகியிருக்கிறது. உங்கள் 2 சதவீதம் அதற்குள் அடங்கும்.

இந்தத் துறையில் வருகிற ஒவ்வொருவரும் முதலில் படிக்க வேண்டிய பாலம் என்று நான் கருதுவது சுவிட்சர்லாந்தின் இசட்24. பெர்ன் மாநிலத்தில் கோப்பிகென், உட்சென்ஸ்டார்ஃப் என்ற இரு ஊர்களை இணைத்து, ஏ1 நெடுஞ்சாலையின் குறுக்கே நின்ற முன்தகைவுக் கான்கிரீட் பெட்டிக் கர்டர் பாலம் அது. 1963-இல் கட்டி முடிக்கப்பட்டது. நடுக்கண் 30 மீட்டர், பக்கக் கண்கள் தலா 14 மீட்டர். அருகில் புதிய ரயில் பாதை வரவிருந்ததால் 1998 இறுதியில் இடிக்கப்பட்டது. இடிப்பதற்கு முன், 1997 நவம்பர் முதல் 1998 செப்டம்பர் வரை, மணிக்கொரு முறை 16 முடுக்கமானிகளில் ஏறத்தாழ 11 நிமிடம் பதிவு செய்தார்கள். அவற்றோடு காற்று, கான்கிரீட், மண், தார்ப்பரப்பு ஆகியவற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றின் வேகத்தையும் அளக்கத் தனியாக 49 உணரிகள் வைக்கப்பட்டிருந்தன. அதிர்வை அளந்த கருவிகளைப் போல மூன்று மடங்கு கருவிகள் சூழலை அளந்தன என்பதே அந்தக் குழுவின் முதிர்ச்சியைக் காட்டுகிறது.

பழுது எதுவும் செய்யப்படாத மாதங்களில் முதல் நான்கு அதிர்வெண்களும் 14 முதல் 18 சதவீதம் வரை மாறின. வெப்பநிலையை கிடை அச்சிலும் அதிர்வெண்ணைக் குத்தச்சிலும் குறித்தால், புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழவில்லை. 0 டிகிரிக்கு மேல் ஒரு சாய்வும் அதற்குக் கீழே செங்குத்தான வேறொரு சாய்வுமாக, பூஜ்யத்தில் முறிந்த கோடாக விழுந்தன. உறைநிலையில் தார்ப்பரப்பு இறுகி, பாலத்தின் விறைப்பில் அதுவும் பங்கு பெற்றதே காரணம்.

அடுத்து 1998 ஆகஸ்ட், செப்டம்பரில் வேண்டுமென்றே பழுதுகளை உண்டாக்கினார்கள். கோப்பிகென் பக்கத்துத் தூணைப் படிப்படியாக 20, 40, 80, 95 மில்லிமீட்டர் வரை இறக்கினார்கள். அப்போது முதல் அதிர்வெண் 3.9 ஹெர்ட்ஸ் அளவிலிருந்து 3.7 அளவுக்கு வந்தது. அதாவது 6 சதவீதத்தை ஒட்டிய வீழ்ச்சி. தூண் கிட்டத்தட்ட ஒரு சாண் அகலத்தில் பாதி இறங்கிய நிலையில் கிடைத்த அந்த மாற்றம், அதே பாலத்தில் குளிர்காலம் உண்டாக்கிய மாற்றத்தில் பாதிகூட இல்லை. வெப்பநிலையை உள்ளீடாகக் கொண்ட ஒரு கணித மாதிரியைப் பழுதற்ற மாதங்களின் தரவைக் கொண்டு பயிற்றுவித்து, அதன் கணிப்பிலிருந்து அளவு விலகுகிறதா என்று பார்த்த பிறகே பழுது வெளிப்பட்டது. கச்சா அதிர்வெண்ணை மட்டும் பார்த்தவருக்கு அது தெரிந்திருக்காது.

#6 | கட்டுமானன்

இந்த உரையாடலைப் படிக்கும்போது எனக்கு ஓர் அடிப்படையான ஐயம் எழுகிறது. களத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் நேரடியாகவே கேட்கிறேன். ஓராண்டு காத்திருந்து, வெப்பத்தைப் பிரித்தெடுத்து, கணித மாதிரி அமைத்து, அதன் பிறகும் கர்டர் பாதி அறுந்தால்தான் தெரியும் என்றால், இந்த முறையால் யாருக்குப் பயன்? சுத்தியலால் தட்டியே கான்கிரீட் உள்ளே பிரிந்திருப்பதை ஓசையில் கண்டுபிடித்துவிடும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவதைப் போல எளிதாக இருக்கும் என்று நம்பித்தான் பல அலுவலகங்கள் இந்தக் கருவிகளுக்குப் பணம் ஒதுக்குகின்றன.

#7 | அலைவரிசை

பானையில் விரிசல், பானையின் அளவோடு ஒப்பிடத்தக்கது. 30 மீட்டர் கர்டரில் விரிசல் அப்படிப்பட்டதன்று. உங்கள் ஐயம் நியாயமானது; விடை, எந்தப் பழுதைத் தேடுகிறோம் என்பதில் இருக்கிறது.

தாங்குநிலை மாறும் பழுதுகளுக்கு இந்த முறை மிகச் சிறந்தது. ஆற்றுப் பாலத் தூணின் அடியில் வெள்ளம் மண்ணை அரித்துச் சென்றால் அந்தத் தூண் முழுவதுமே ஆடும் விதம் மாறுகிறது. ஜப்பானிய ரயில்வேயில் இதை நெடுங்காலமாகச் செய்கிறார்கள்: ஏறத்தாழ 30 கிலோ எடையைத் தொங்கவிட்டுத் தூணின் மேற்பகுதியில் மோதச் செய்து, கிடைக்கும் அதிர்வெண்ணை அந்தத் தூணுக்குரிய தர மதிப்பால் வகுத்து, அந்த விகிதம் ஒன்றிலிருந்து எவ்வளவு குறைகிறது என்பதைக் கொண்டு தூணைத் தரப்படுத்துகிறார்கள். நீருக்கடியில் மூழ்காமலேயே அரிப்பை அறிய முடிகிறது என்பது சிறிய பயன் அன்று. பேரிங் துருப்பிடித்து இறுகிப்போவது, விரிவு இடைவெளிகளில் மண்ணும் ஜல்லியும் அடைத்துக்கொண்டு கர்டர்கள் ஒன்றையொன்று முட்டுவது போன்றவையும் அதிர்வில் தெரியும். இவற்றில் அதிர்வெண் கூடும் என்பதால், குறைவை மட்டும் எச்சரிக்கையாகக் கொள்பவர்கள் இவற்றைத் தவறவிடுவார்கள்.

இந்த முறை வலுவிழக்கும் இடமும் உண்டு. முன்தகைவுப் பாலங்களை அளப்பவர் அதை மனத்தில் இருத்திக்கொள்வது அவசியம். கான்கிரீட்டுக்குள் பதிந்த இழுகம்பிகளின் விசை, பாலத்தின் விறைப்பை நேரடியாகத் தீர்மானிப்பதில்லை. கம்பிகள் சில அறுந்தாலும், மீதமுள்ள விசை கான்கிரீட்டை அழுத்தத்தில் வைத்திருக்கும் வரை விரிசல் திறப்பதில்லை; விரிசல் திறக்காத வரை அதிர்வெண் அசைவதில்லை. இசட்24-இல் கடைசிக் கட்டமாக 16 இழுகம்பிக் கற்றைகளில் இரண்டு, நான்கு, ஆறு என்று வெட்டிப் பார்த்தபோது, தூண் இறக்கத்தில் கிடைத்ததைப் போன்ற தெளிவான அடையாளம் அதிர்வெண்களில் கிடைக்கவில்லை. வலிமை போய்விட்டது, விறைப்பு இருந்தது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரின் கரோலா பாலத்தின் ஒரு பகுதி 2024 செப்டம்பர் 11 அதிகாலையில் விழுந்ததற்கு முன்தகைவு எஃகின் தகைவரிப்பே (இழுவிசையும் அரிப்பும் சேர்ந்து உண்டாக்கும் விரிசலே) காரணம் என்று கண்டறியப்பட்டது. அதன் பிறகு எஞ்சிய பகுதிகளில் கம்பி அறுபடும் ஒலியைக் கேட்கும் உணரிகளை வைத்துக் கண்காணித்தார்கள். கம்பி அறுபடுவதை அதிர்வெண்ணில் தேடுவதைவிட, அறுபடும் கணத்தின் ஒலியைக் கேட்பதே அங்கு பொருத்தமான முறை.

#8 | தூண்நிழல்

அலைவரிசை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2018 ஆகஸ்ட் 14 அன்று இடிந்து 43 உயிர்களைப் பறித்த, இத்தாலியின் ஜெனோவா நகர மொராண்டி பாலத்தில், அதற்கு முந்தைய ஆண்டே மிலான் பாலிடெக்னிக் ஆய்வாளர்கள் பாலத்தளத்தைத் தூக்கிப் பிடிக்கும் சாய்ந்த தாங்கு கம்பங்களின் அதிர்வுகளை அளந்திருந்தார்கள். கான்கிரீட் உறைக்குள் எஃகுக் கம்பிகளைக் கொண்ட கம்பங்கள் அவை. 9-ஆம் எண் தூணைச் சேர்ந்த கம்பங்களின் அதிர்வு வடிவம் (ஆடும்போது எந்தப் பகுதி எவ்வளவு அசைகிறது என்பது) எதிர்பார்த்தபடி இல்லை, மேலும் ஆராய வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னது. பின்னர் விழுந்தது அந்த 9-ஆம் தூணின் அமைப்பே. கட்டுமானன் அவர்களே, பயன் யாருக்கு என்று கேட்டீர்கள். அதிர்வு அளவை இறுதித் தீர்ப்பு சொல்லாது. எந்த இடத்தில் உறையைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அது சொல்லும்போது, காலம் தாழ்த்தாமல் திறந்து பார்ப்பவர்களுக்கே அதனால் பயன்.

இந்த எடுத்துக்காட்டில் அடையாளம் அதிர்வெண்ணில் மட்டும் இல்லை, அதிர்வு வடிவத்திலும் இருந்தது என்பதையும் மாணவி குறித்துக்கொள்ள வேண்டும். ஓர் அதிர்வு வடிவத்தில் பாலம் எங்கு அதிகம் வளைகிறதோ அங்குள்ள விரிசல் அந்த அதிர்வெண்ணை அதிகம் பாதிக்கும். வளைவே இல்லாத இடத்திலுள்ள விரிசல் அதைத் தொடுவதே இல்லை. ஆகவே முதல் அதிர்வெண்ணோடு நிறுத்தாமல், நான்கைந்து அதிர்வெண்கள் எந்தெந்த விகிதத்தில் மாறின என்று பார்க்க வேண்டும். எல்லாம் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இறங்கினால் சூழலையே முதலில் ஐயுற வேண்டும். ஒன்று மட்டும் தனித்து இறங்கினால் இடம் சார்ந்த பழுதை ஐயுறலாம். மாற்றங்களின் விகிதத்திலிருந்து பழுதின் இடத்தைக் கணிக்கலாம் என்று கௌலியும் ஆடம்ஸும் 1979-லேயே காட்டியிருக்கிறார்கள்.

#9 | கருவியாளன்

அதிர்வு வடிவத்தை அளக்கப் போகிறீர்கள் என்றால், எல்லா முடுக்கமானிகளும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். 10 ஹெர்ட்ஸ் அதிர்வில் ஒரு மில்லிவினாடிப் பிழை 3.6 டிகிரிக் கட்டப் பிழையாகிவிடும். தனித்தனி லாகர்களை (பதிவுக் கருவிகளை) தொடக்கத்தில் ஒருமுறை ஒத்திசைத்துவிட்டு மணிக்கணக்கில் ஓட விட்டால், படிகக் கடிகாரங்களின் நகர்வு மட்டுமே இதைவிடப் பெரிதாக வரும்.

#10 | மாடித்தளம்

பாலங்களிலிருந்து சற்று விலகி ஒரு கட்டடத்தைக் குறிப்பிட அனுமதியுங்கள். கேள்வியின் மறுபக்கம் அங்கே இருக்கிறது. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் முன்பு மில்லிகன் நூலகம் என்று அழைக்கப்பட்டது 9 மாடிக் கான்கிரீட் கட்டடம். 1960-களின் இறுதியிலிருந்து அதன் அதிர்வுகள் அளக்கப்படுகின்றன. 1971 சான் ஃபெர்னாண்டோ, 1987 விட்டியர் நாரோஸ் ஆகிய நிலநடுக்கங்களைக் கடந்த பிறகு, அதன் கிழக்கு-மேற்கு அதிர்வெண் முதலில் இருந்ததைவிட 22 சதவீதம் நிலையாகக் குறைந்துவிட்டது. ஆனால் அந்தக் கட்டடம் பயன்பாட்டிலேயே இருந்துவந்தது. கனமழை பெய்த சில மணி நேரத்தில் அதே அதிர்வெண் 3 சதவீதம் வரை கூடியதும் உண்டு. மாணவியின் பாலத்தில் தென்பட்ட மாற்றத்தின் அளவும் அதுவே.

#11 | நிலையியல்_மாணவி

நான்கு அதிர்வெண்களையும் மீண்டும் கணக்கிட்டேன். நான்கும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் குறைந்திருக்கின்றன. அலுவலகத்துக்கு எழுதும் எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிட்டேன். இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. வெப்பநிலையை அளக்காத ஜனவரிப் பதிவுகள் இனி உதவாதவையா? வெப்பமானி இல்லாமலேயே முதன்மைக் கூறு பகுப்பாய்வால் சூழலின் விளைவை நீக்கலாம் என்று படித்தேன், அதை நம்பலாமா?

#12 | அலைவரிசை

ஜனவரிப் பதிவுகளை எறிந்துவிடாதீர்கள். வரும் ஜனவரியில் அதே காலை நேரங்களில் மீண்டும் பதிவு செய்தால், வெப்பமானி இல்லாவிட்டாலும் ஒப்பிடத்தக்க இணைகள் கிடைத்துவிடும்.

முதன்மைக் கூறு முறை, பல அதிர்வெண்கள் ஒரே காரணத்தால் சேர்ந்து அசைவதைக் கண்டு அந்தப் பொது அசைவை நீக்குகிறது. பொருளியல் காலத்தொடர்களுக்காக உருவாக்கப்பட்ட கூட்டு ஒருங்கிணைவு முறையையும் இதே நோக்கத்தில் பயன்படுத்துகிறார்கள். இரண்டிலும் ஓர் இடர் உண்டு: பழுதும் வெப்பத்தைப் போலவே எல்லா அதிர்வெண்களையும் ஒரே திசையில் இழுத்தால், வெப்பத்தோடு சேர்த்து அதையும் நீக்கிவிடும். ஆகவே வெப்பமானிகளைப் பொருத்துவதே பாதுகாப்பானது. தார்ப்பரப்புக்குச் சற்றுக் கீழே ஒன்று, தளத்தின் அடியில் ஒன்று, கர்டரின் கீழ் முனையில் ஒன்று போதும். காற்றின் வெப்பத்தை மட்டும் அளந்தால் கான்கிரீட் பல மணி நேரம் பின்தங்கி வருவதைப் பிடிக்க முடியாது.

#13 | தூண்நிழல்

உங்கள் பாலத்தின் கண்கள் தனித்தனியாக அமர்ந்தவை என்று முதலிலேயே சொல்லிவிட்டீர்கள். அதுவே உங்களுக்கு வாய்த்த பெரிய வசதி. பக்கத்துக் கண்ணிலும் இரண்டு முடுக்கமானிகளை வைத்து ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள். ஒரே நீளம், ஒரே கர்டர், ஒரே வெயில் என்பதால், இரு கண்களின் அதிர்வெண் விகிதத்தில் வெப்பத்தின் பங்கு பெரும்பாலும் தன்னைத் தானே நீக்கிக்கொள்ளும். அந்த விகிதம் மாதக்கணக்கில் நிலையாக நின்று, பிறகு ஒரு பக்கமாக நகரத் தொடங்கினால், அப்போது எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் எந்தக் கண் என்பதையும் குறிப்பிட முடியும். அதற்கு அடுத்த படி இந்திய சாலைக் காங்கிரஸின் எஸ்பி 51 வழிகாட்டியின்படி சுமைச் சோதனை. முன்தகைவுப் பாலமானால் சுமையை இறக்கிய 24 மணி நேரத்துக்குள் தொய்வில் 85 சதவீதமாவது மீள வேண்டும்.

கரையோரக் கண்ணை ஒப்பீட்டுக்கு எடுக்க வேண்டாம். அதன் ஒரு முனை மண்ணணையோடு ஒட்டியிருப்பதால், மழைக்காலத்தில் அது தனி வழியில் நடந்துகொள்ளும்.